புறங்கையில் ஒரு சாக்லேட்

தொண்ணூற்றாறு மே மாத வெயிலில் பெண் பார்க்கப் போனது கதிர்வேலின் தப்பில்லை. மாமா காளிச்சாமி ஜோசியரிடம் கேட்டு வந்த நாள் அது. பெண்ணை ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தான், பொற்கொடி என்று பேர். அவளுக்கும் சம்மதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் அப்பா சரி என்றால் போதும். சாக்லேட் கொண்டு போகலாம் என்பது மட்டும்தான் கதிர்வேலின் யோசனை.

அவனுக்குக் கோயமுத்தூரில் ஒரு சாக்லேட் கம்பெனியில் வேலை. அங்கே செய்கிற உயர்ந்த சரக்கில் ஒரு பெட்டி வாங்கியிருந்தான். திருப்பூரில் பஸ் மாறும்போதே பெட்டியின் அடி பழுப்பாக நனைந்துவிட்டது. நல்ல காரியத்துக்கு இதையா கொண்டு போவது என்று முணுமுணுத்துக்கொண்டே காளிச்சாமி பஸ் ஸ்டாண்டு கடையில் வேறு சாக்லேட் ஒரு பாக்கெட் வாங்கினார். அது அந்த வெயிலிலும் கல் மாதிரி இருந்தது.

பெண்ணின் அப்பா பொங்கியண்ணன் ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரி. வனஸ்பதி கலக்கிறவர்களோடு ஒரே பந்தியில் உட்காரமாட்டார். பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கே அதனால் போகவில்லை.

இரண்டு சாக்லேட்டும் தட்டுக்கு வந்தன. அவர், சந்தையில் நெய் பார்க்கிற பழக்கத்தில், உருகினதை விரலில் வழித்துப் புறங்கையில் தேய்த்தார். எண்ணெய் போலப் பரவியது. கெட்டியாக இருந்ததில் ஒரு துண்டு கிள்ளித் தேய்த்தார். மெழுகு மாதிரித் திரண்டு நின்றது. அவர் முகம் மாறிவிட்டது. அது ஏன் உருகுது, இது ஏன் உருகலை என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டு சரக்கு, எவனோ செய்தது என்று காளிச்சாமி சமாளித்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கதிர்வேல் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டான்.

"ரெண்டும் எங்க கம்பெனிதானுங்க. உருகுனதுல கொக்கோ வெண்ணெய்ங்க. வாயில போட்டாக் கரையோணும்ல, அந்த வெண்ணெய் வாய்ச்சூட்டுக்கு முன்னாடியே எளகிருமுங்க. நம்மூரு வெயிலு வாயவிடச் சூடுங்களே."

"உருகாதது?"

"வனஸ்பதிங்க. வெயிலு தாங்கறதுக்குப் போடறது. நாந்தானுங்க எடை போட்டுப் போடறேன்."

காளிச்சாமி கூரையைப் பார்த்தார். உள்ளே காபி ஆற்றுகிற சத்தம் நின்றது.

"கலப்படம்" என்றார் பொங்கியண்ணன்.

"கலப்படமில்லீங்க, கலவைங்க."

"ரெண்டும் வேறயா?"

"சொல்லாமப் போட்டாக் கலப்படமுங்க. சொல்லிப்போட்டுச் செஞ்சாக் கலவைங்க. உறையில எழுதியிருக்குதுங்க."

பொங்கியண்ணன் உறையைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். இதை எறும்புக்கு எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டார். காபித் தட்டோடு வரவேண்டிய பொற்கொடி வெறுங்கையோடு வந்து உறையை வாங்கிப் படித்தாள்.

"வனஸ்பதின்னு போடலீங்கப்பா. தாவரக் கொழுப்புன்னு இங்கிலீசுல போட்டிருக்குது."

"அப்ப பாதிதான் சொல்லியிருக்குது."

"பாதிதானுங்க" என்று கதிர்வேல் ஒத்துக்கொண்டான்.

காளிச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், கிளம்புகிறவர் போல. பொற்கொடி உறையை மடித்து அப்பாவிடம் நீட்டினாள்.

"உறை பாதி சொல்லுச்சுங்கப்பா. அவரு முழுசாச் சொல்லிப்போட்டாருங்களே."

பொங்கியண்ணன் கொல்லைப்பக்கம் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு காபியைக் கொண்டுவரச் சொன்னார், வெற்றிலைத் தட்டையும் சேர்த்து. இந்த உருகாத சரக்கு மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். கதிர்வேல் தலையாட்டினான்.

தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகு பொங்கியண்ணன் காளிச்சாமியைத் தனியாக அழைத்து, சந்தையில் யாராவது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், கோயமுத்தூரில் ஒரு கம்பெனி என்று மட்டும் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.