கிற்றாருக்கு விட்ட இடம்

"இது கதிரண்ணை இல்ல" என்று பூரணி சொன்னபோது கசற் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் ஏறிக் கடல் கடந்து, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு பூரணி வீட்டுக்கு வந்த முத்தலிப், முகத்து வியர்வையைக்கூடத் துடைக்காமல் ரேப் றெக்கோடரின் பக்கமாகக் காதைச் சாய்த்திருந்தார்.

மூவரும் கலியாண வீடுகளில் வாசித்த குழு. பூரணி கீபோட், முத்தலிப் சக்சபோன், கதிரவேல் கிற்றார். சனத்துக்குச் சினிமாப் பாட்டு. பந்தி நடக்கும் நேரத்தில் தங்களுக்கென்று வேறொன்று. அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது மா ஆலைக்குக் கோதுமை ஏற்றி வந்த கப்பலின் மாலுமி ஒருவன். இரண்டு சோற்றுப் பார்சலுக்கு மாற்றாக ஒரு கசற்றை முத்தலிப்பின் கையில் வைத்துவிட்டுப் போனான். தேனாய் வழியும் சக்சபோன், மெட்டை விட்டு விலகாத றொக் கிற்றார். உள்ளே மடித்திருந்த கடதாசியில் எறும்பெழுத்தில் ஒன்பது பெயர்கள். மேளம் ஒரு நகரத்தில் பதிந்ததாம், சக்சபோன் இன்னொன்றில், கிற்றார் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம். நாடா தபாலில் போய்வந்ததாம், சிலர் ஒருவரையொருவர் கண்டதே இல்லையாம். பூரணி வாசித்துக் காட்ட, கதிரவேல் நம்ப மறுத்துவிட்டார். "விசர்க்கதை கதையாத பிள்ள. ஒரு அறைக்குள்ள இருந்து கண்ணால கதைச்செல்லோ வாசிக்கிறாங்கள்!" என்றவர், அன்று பின்னேரம் முழுக்க அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

போன வருசம் தாயின் செத்தவீட்டுக்குக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூருக்குப் போன கதிரவேலுக்குத் திரும்பிவரப் பாஸ் கிடைக்கவில்லை. மனைவி தங்கேஸ்வரியும் அங்கேதான். பங்குனியில் ஒரு கதை வந்தது: ஷெல் துண்டு பட்டு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டதாம். இன்னொருவர் கையே போய்விட்டது என்றார். கடிதங்களுக்குப் பதில் இல்லை. பூரணிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கடைசியில் அந்தக் கடதாசிதான் வழி சொன்னது. அவளும் முத்தலிப்பும் ஒரு மெட்டை வாசித்துப் பதிந்தார்கள். நடுவில் பதினாறு தாள அடி நீளத்துக்கு வெறும் கீபோட்டை மட்டும் பிடித்து, கிற்றாருக்கு இடம் விட்டு, கசற்றைச் சம்பூருக்கு அனுப்பினார்கள். கடிதம் வைத்தால் சாவடியில் தொல்லை. கை இருந்தால் வாசிப்பார், அவ்வளவுதான்.

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு, மூதூர் லோஞ்சுப் படகில் தயிர் கொண்டுவரும் மனிசி பதிலுக்கு ஒரு கசற்றைத் தந்தாள். யாரோ யாரிடமோ கொடுத்து அவள் கைக்கு வந்ததாம். அதில் அவர்களின் மெட்டோடு, விட்ட இடத்தில் கிற்றாரும் இருந்தது. ஆனால் அது மெலிந்த, அவசரக் கிற்றார். கதிரவேல் ஒரு தந்தியை இழுத்தால், படுத்த மாடு எழும்புகிற நிதானத்தில் இழுப்பார். இது நடுங்கித் துள்ளியது. நடுவே குழந்தைப்பிள்ளை ஒன்றின் கீச்சுக்குரல் வேறு.

"ஆரோ சின்னப்பிள்ளை வாசிச்சிருக்கு, முத்தலிப் நானா. அவருக்குக் கை இல்ல." பூரணி அழுதாள்.

முத்தலிப் றெக்கோடரை நிறுத்தினார். "புள்ள, சம்பூர்ல கரண்ட் இருக்கா?"

"இல்ல."

"டோர்ச் பற்றி சாவடியால கொண்டுபோக உடுவானா?"

"விடமாட்டாங்கள்."

"அப்ப நம்மட மெட்ட ஓட்டின றெக்கோடரும், அத அவர்ர வாசிப்போட பதிஞ்ச றெக்கோடரும் எதுல ஓடின? சைக்கிள் டைனமோதான். மிதிக்கிற அளவுக்குத்தான் ரேப் சுத்தும். அங்க மெதுவாப் பதிஞ்சத நாம இங்க கரண்ட்ல வேகமா ஓட்டிக் கேக்கிறம்."

மின் வயரைப் பிடுங்கினார். வீட்டிலிருந்த இரண்டு டோர்ச்சிலும் இருந்த நாலு அரைச்செத்த பற்றிகளை எடுத்து றெக்கோடரில் போட்டு அழுத்தினார். நாடா நொண்டி நொண்டிச் சுற்றியது. பூரணியின் கீபோட் இழுபட்டு முனகியது. முத்தலிப்பின் சக்சபோனுக்குச் சளித் தடிமன் பிடித்திருந்தது. அதற்குள்ளிருந்து கிற்றார் எழுந்தது. ஒரு தந்தி, மெல்ல, மெல்ல, நிதானமாக இழுபட்டது.

"அல்லாஹ்" என்றார் முத்தலிப்.

கதிரவேல். வேறு யாராகவும் இருக்க ஏலாது.

பூரணிக்கு அப்போதுதான் விளங்கியது. தங்கள் மெட்டை அந்த மனிதர் இந்தக் கோலத்தில்தான் கேட்டிருக்கிறார்! கேட்டு, ஆறு தந்தியையும் தளர்த்தி இந்த முனகலுக்குச் சுருதி சேர்த்திருக்கிறார். மிதி தளர்ந்த இடங்களில் மெட்டு அவர் காதில் இன்னும் இறங்கியிருக்கும். விரலையும் கூடவே இறக்கியிருக்கிறார். அதனால்தான் கரண்டில் கேட்டபோது ஓரிடத்திலும் சுருதி பிசகவில்லை. மனிசனுக்கு இப்படியும் ஒரு காது இருக்குமா? அவளுக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பின்னால் சைக்கிள் சங்கிலி கரகரத்துக்கொண்டே இருந்தது.

எட்டாவது அடி முடிய, கிற்றார் நின்றது. தும். கரண்டில் கேட்டபோது கிற்றார்ப் பெட்டியில் விரலால் தட்டியது என்று அவள் நினைத்த சத்தம். இப்போது அது அடிவயிற்றில் கேட்டது. தும். தும். போன வியாழன் பின்னேரம் துறைமுகப் பக்கமிருந்து ஆமிக்காரர் குடாவைத் தாண்டி ஷெல் அடித்தார்களே, குசினியில் கோப்பைகள் குலுங்கினவே! இங்கே புறப்பட்ட ஷெல் அங்கே போய் விழுகிற சத்தம். சங்கிலிச் சத்தம் அறுந்து அறுந்து கேட்டது.

பற்றி இன்னும் சோர்ந்தது. அந்தக் கீச்சுக்குரல் வந்த இடம் வந்தது. குரல் இறங்கி, தடித்து, கதிரவேலின் தொண்டையாயிற்று.

"மிதி தங்கேஸ். விட்டிடாத. இன்னும் எட்டு அடி கிடக்கு."

சங்கிலி கிறீச்சிட்டு மறுபடி சுற்றத் தொடங்கியது. பூரணியின் பத்து விரல்களும் வெறும் மேசைப் பலகையில் பதிந்து அவருக்காகச் சுருதி பிடித்தன. ஒன்பதாவது அடியில் கிற்றார் உள்ளே வந்தது.