கூரை மேல் விழுந்த பழி

பழைய ரயில் நிலையத்தின் கூரையை இடித்துவிட்டுத் தகரம் போடலாமா என்று பார்த்து எழுதச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள். பார்க்கச் சொன்னது பேருக்குத்தான். இடிக்கலாம் என்று ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவே. பன்னிரண்டு ஆண்டு பொறியாளராக இருந்தவளுக்கு அது புரியாமல் இல்லை.

இரண்டு மழைக்காலமாக நிலையம் ஒழுகிக்கொண்டிருந்தது. மழை வலுத்தால் நடைமேடைக் கூரையின் ஓரமெல்லாம் நீர் தளும்பிப் பயணிகள் தலையில் கொட்டியது. பயணச்சீட்டுக் கூடத்தின் தடித்த செங்கல் சுவரில் ஆளுயரத்துக்கு ஈரம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது.

"நூத்திப் பத்து வருஷக் கட்டடம் மேடம். எங்க அப்பாவுக்கு எண்பதுதான் ஆகுது, அவருக்கே மூக்கு ஒழுகுது" என்றார் நிலைய அதிகாரி.

இரண்டு நாள் ஏணியும் கையுமாக அளந்தாள். இரும்புச் சட்டங்களில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. கூரையில் ஓட்டையே இல்லை. மூன்றாம் நாள் எதிரே சாலையில் நின்று முகப்பைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. வரிசையாக வளைவுகள், அவற்றின் மேல் காற்றுக்கு விட்ட வட்டத் துளைகள், இரண்டு பக்கமும் சின்னக் கோபுரங்கள். இவ்வளவு பெரிய கூரைக்கு மழைநீர் இறங்க ஒரு குழாய்கூட வெளியே தெரியவில்லை. அப்படியானால் நூறு வருடம் பெய்த மழையெல்லாம் எந்த வழியாகப் போயிற்று?

உள்ளே போய் ஸ்பேனரால் ஓர் இரும்புத் தூணைத் தட்டினாள். தலைக்கு மேலே தட்டினால் கணீரென்றது. கீழே தட்டினால், உள்ளே ஏதோ நிரம்பிக் கிடப்பதுபோல், மொத்தென்றது. அடுத்த தூணும் அப்படியே.

ஆவண அறையில் துணியில் ஒட்டிய பழைய வரைபடம் கிடைத்தது. தூண்களுக்கு உள்ளே புள்ளிக்கோடு போட்டிருந்தார்கள். நாற்பத்து நான்கு தூண்களும் குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கை நுழையும் அளவில் ஒரு வாய், அதிலிருந்து தரைக்குக் கீழே ஒரு செங்கல் கால்வாய், அதன் முடிவில் நீராவி இன்ஜினுக்கான தண்ணீர்த் தொட்டி. முகப்பின் அழகு கெடாமல், மழையும் வீணாகாமல் யோசித்திருந்தார்கள். அவள் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

படத்தைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு உட்காரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வாய்கள் மறையும்படி நடைமேடையை ஒரு சாண் உயர்த்திக் கிரானைட் பதித்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். கல்லூரிக் காலம் நான்கு வருடமும் அவர் வீட்டில் இருந்துதான் அவள் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், பிளாட்பாரம் வேலைல தூணுக்கு அடியில ஓட்டை எதாவது பாத்தீங்களா?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "பாத்தேன். எலி வளைன்னு நெனச்சேன்." மடித்த தாளை மறுபடி மடித்தபடி, "மொதல் தூண்ல அப்படி நெனச்சேன். பத்தாவது தூண்ல நெனைக்கல. எலி என்ன, அளவெடுத்தா தோண்டும்?" என்றார்.

"அப்புறம் ஏன்?"

"கேட்டா வேலை நிக்கும்மா. தெறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. சிமென்ட் வச்சு அடைச்சேன்."

அக்கா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். "கூரை பழசுன்னு எழுதிட்டுப் போயேன். யாரு உன்னக் கேக்கப்போறா? இவரு பேரு கெட்டா நாளைக்கு யாரு கூப்பிடுவா? நாலு வருஷம் இந்த வீட்டுல தின்னவதானே நீ."

"அவள விடு" என்றார் அத்தான்.

ஒரு தூணை மட்டும் திறந்து பார்க்க அவள் அனுமதி வாங்கினாள். செவ்வாய்க்கிழமை காலை அத்தானே துளைபோடும் இயந்திரத்தோடு வந்தார். ஆளை விடாமல் தானே மண்டியிட்டுக் கல்லைப் பெயர்த்தார். அடைப்பு உடைந்ததும் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. புறா இறகும் மக்கிய இலையும் சேறுமாக அரை மணி நேரம் ஓடியது. நனைந்த கால்சட்டையோடு அவர் அந்தத் தூண்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள எறங்குறது கைக்குத் தெரியுது" என்றார். "என்ன கச்சிதமா பண்ணியிருக்கான். இதக் கட்டினவன் என்னப் பாத்தா காறித் துப்புவான்."

அவள் சொல்ல வந்த ஆறுதல் எதுவும் உண்மையாக இல்லை.

உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஒப்பந்தக்காரர் தன் அக்காவின் கணவர் என்பதையும் எழுதினாள். கூரை தப்பித்தது. மற்ற நாற்பத்து மூன்று தூண்களையும் அத்தான் தன் ஆட்களோடு திறந்துகொடுத்தார். அப்படியும் இரண்டு வருடத்துக்கு அவர் பெயரை ரயில்வே ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அறிக்கைக்கு முன் உறவினரைப் பார்த்தது ஏன் என்று அவளிடமும் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தாள். செய்தது சரிதானா என்று குளிக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் கேட்டுக்கொண்டாள். சரிதான் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

அக்கா ஐந்து மாதம் பேசவில்லை. ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது.

"உன் ஸ்டேஷன்லதான் இருக்கேன். மழை ஊத்துது, வண்டி ஒரு மணி நேரம் லேட்டாம். எந்த பெஞ்சுல உக்காந்தா நனையாம இருக்கலாம்?"

"எதுல வேணா உக்காருக்கா."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா நடந்து பார்க்கிறாள் போலிருந்தது. பிறகு உட்கார்ந்து, வண்டி வரும்வரை, தன் சின்ன மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.