சைனாவும் வையும்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு போன் அழைப்பு. போன வாரம் பானுப்பிரியா பேசினாள். "அக்கா, நம்ம பார்லர் இருந்த எடத்துல செல்போன் கட வந்துட்ச்சு" என்றாள். போனை வைத்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'பல இன மக்கள் வாழும் நகரில் நிறம் குறித்த உரையாடல்...' (அடித்துவிட்டேன். கருத்தரங்க அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: 'மலையிலிருந்து இறங்கி வந்த பறவை அவள்...' (இதுவும் வேண்டாம். பார்லரில் பானுவோடு இருந்த புயி, வேலை தேடி ரயிலேறி வந்தவள்.)

2

ஆவடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்தது பார்லர். நடத்தியவர் தெரசா. வேலைக்கு இரண்டு பேர். வேப்பம்பட்டிலிருந்து வரும் பானு. மிசோரம் மாநிலத்து லால்ரின்புயி, எங்களுக்குப் புயி. பானுவிடம் தமிழ் கற்றதால் புயியும் 'இன்னா' என்றுதான் பேசுவாள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். இப்போதும் எங்காவது மருதாணியும் சாயமும் கலந்த நெடி வந்தால், அந்த மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

ஒருநாள், வழக்கமாக வரும் ஒரு பெண்மணி, அந்த சைனாக்காரி கை தன் முகத்தில் பட வேண்டாம், நீயே செய் என்று பானுவிடம் சொன்னார். பானு சிரித்தாள். அன்றிலிருந்து புயி தனியாகச் சாப்பிட்டாள்.

(பானு ஏன் சிரித்தாள்? நானாகச் சில காரணங்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவளையே கேட்டேன். கஸ்டமர் பேசினால் சிரித்துப் பழகிவிட்டது என்றாள்.)

3

அடுத்த வாரம் தலைக்குச் சாயம் போடப் போனேன். பாதியில் கரண்ட் போனது. தெரசா கதவைச் சாத்தி இருவரையும் உட்கார வைத்தார். மனதில் இருப்பதைப் பேசிவிட்டு அப்புறம் வேலையைப் பார்க்கலாம் என்றார். நான் எழுந்து போயிருக்கலாம். தலை முழுக்கச் சாயத்தோடு எங்கே போவது?

முதலில் புயி பேசினாள். பஸ்ஸில், கடையில், வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில், எங்கும் எந்த நாடு என்றுதான் கேட்கிறார்கள் என்றாள்.

"அவங்க சொன்னா போவட்டும். நீ சிரிச்சிகினு நின்ன."

பானுவுக்கு முகம் சிறுத்தது. பிறகு அவளும் கேட்டாள்.

"உங்கம்மா வீடியோ கால்ல என்னப் பாத்து இன்னாவோ சொல்லிச் சிரிச்சாங்களே? 'வை'னு காதுல வுழுந்துச்சு. எனுக்குப் புரியலன்னு நென்ச்சியா?"

புயி மறைக்கவில்லை. மலைக்கு வெளியே இருப்பவர்களைத் தங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள், மரியாதையாகச் சொல்வதில்லை என்றாள். இந்தப் பெண் ஏன் இவ்வளவு கறுப்பு என்று அம்மா கேட்டதாகவும் சொன்னாள். தானும் சிரித்ததாகச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

[இரண்டும் சரிக்குச் சரி என்று எழுதக் கை போனது. சரியில்லை. பானுவை யாரும் எந்த நாடு என்று கேட்டதில்லை.]

'அப்போது கரண்ட் வர, இருவரும் கட்டிப்பிடித்து...'

(இல்லை. கரண்ட் வரவேயில்லை. ஒருத்தி குடத்துத் தண்ணீரை ஊற்ற, ஒருத்தி என் தலையைத் தேய்த்தாள். முடி செம்பட்டையாகிவிட்டது.)

4

அடுத்த தையில் பானுவுக்குக் கல்யாணம். புயிதான் அலங்காரம். மாப்பிள்ளையின் அத்தை வந்து பார்த்து, பெண்ணை இன்னும் வெளுப்பாகக் காட்டச் சொன்னார். பானு கண்ணாடியில் புயியைப் பார்த்தாள். புயி பவுடர் டப்பாவை மூடினாள்.

"இதான் எங்க பானு கலரு" என்றாள்.

போட்டோக்களில் பானு பானுவாகவே இருக்கிறாள்.

5

பிறகு புயி ஊருக்குப் போய்ச் சொந்தமாகப் பார்லர் வைத்தாள். எழுதிய கதையைப் பானுவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். ஒரு முடிவில் புயி ஆவடிக்கே திரும்பி வருகிறாள். இன்னொன்றில் கல்யாணத்தோடு கதை முடிகிறது. இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அதுக்கப்புறமும் இதே பேச்சுல எங்களுக்குச் சண்ட வந்துச்சுக்கா. அதயும் எழுது."

அது எதற்கு என்றேன்.

"அப்பிடிச் சண்ட போட்டதாலதான் இன்னிக்கும் பேசிகினு கீறோம்."

அந்தச் சண்டைகளின்போது நான் அங்கே இல்லை. ஆகவே இங்கே நிறுத்துகிறேன். வேறு ஊரிலிருந்து வந்த ஒருவரோடு சண்டை போடும் அளவுக்குப் பழகியவர் யாராவது மீதியை எழுதுங்கள்.