மேல் அறைக்கு எத்தனை டன்

ஏசிக்காரர் அளவு நாடாவின் ஒரு முனையைச் சின்ன மருமகளிடம் கொடுத்துச் சுவரோடு பிடிக்கச் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு. கீழே பெரியவனின் அறையும் அதே அளவுதான். மாமியார் வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினாள். மாடியேறிய மூச்சு.

"அப்பவே சொன்னேனே தம்பி. ரெண்டு ரூமும் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரு டன் மிஷின் போதும். ஒருத்தனுக்குப் பெருசு, ஒருத்தனுக்குச் சிறுசுன்னு என் வீட்டுல பேச்சு வரக்கூடாது."

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, ஜன்னல் எந்தத் திசை, மேலே இன்னொரு மாடி உண்டா என்று விசாரித்தார். மேற்கு. மேலே மொட்டைமாடி. பகலில் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள் என்றும் கேட்டார்.

இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் யாரும் சின்ன மருமகளிடம் கேட்காத கேள்வி. தானும் குழந்தையும் என்றாள். மதியம் முழுக்க ஈரத்துணியால் தரையைத் துடைத்துத் துடைத்துக் குழந்தையைக் கிடத்துவதை அவரிடம் எப்படிச் சொல்வது? புழுங்குகிறது என்று ஒருமுறை சொன்னதற்கு, எங்களுக்கெல்லாம் புழுங்கவில்லையா என்று கேட்டுவிட்டார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டாள். மாமியார் கெட்டவள் என்று அவளால் நினைக்க முடியவில்லை. மிட்டாயைக்கூடப் பல்லால் கடித்துச் சரிபாதியாக்கிப் பிள்ளைகளை வளர்த்தவள். முழங்கால் வலியோடு எப்போதாவது மேலே வந்தாலும் காலையில் வந்து போய்விடுவாள். மூன்றரை மணிக்கு இந்த அறை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஏசிக்காரர் தாளில் கூட்டிப் பார்த்தார். "கீழ ஒண்ணு போதும்மா. இங்க ஒன்றரை வேணும்."

"அளவு ஒண்ணுதானே?"

"அளவு ஒண்ணுதான். வெயில் ஒண்ணா விழலையே." சற்று யோசித்தார். "இப்ப மணி மூணரை. கொஞ்ச நேரம் இங்க உட்காருங்க. அப்புறமும் ஒரு டன்னுன்னா அதையே எழுதிடறேன்."

"இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?" என்று சிரித்தபடி மாமியார் கட்டிலில் அமர்ந்தாள்.

மின்விசிறி கூரையின் சூட்டை வாரிக் கீழே இறைத்தது. சின்ன மருமகளுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது, தன் உடம்பை யாரோ பார்ப்பதுபோல. மாமியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். சாய்ந்துகொள்ளச் சுவரில் கையூன்றியவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். மருமகளைப் பார்த்தாள்.

தரையில் குழந்தை சிணுங்கியது. மருமகள் குனிவதற்குள் மாமியார் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எழுதட்டுமாம்மா?" என்றார் ஏசிக்காரர்.

அவள் நிமிரவில்லை. குழந்தையின் ஈரமான பிடரியில் மெல்ல, விடாமல், ஊதிக்கொண்டிருந்தாள்.