கதவைத் திறந்தால் நிற்காத மெஷின்

என் பிளாகுக்கு ஒரு நாளைக்குப் பத்தொன்பது பேர் வருகிறார்கள். மூன்று வருஷமாக அதே பத்தொன்பதுதான், ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. என் வீட்டுக்காரர் அன்புராஜ், இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்தால் உன் வாசகர்கள் மொத்தப் பேரையும் ஏற்றிவிடலாம் என்பார். அவர் சொன்னதற்குச் சிரிப்பேன், அப்புறம் அரை மணி நேரம் அவரோடு பேச மாட்டேன்.

நான் நர்மதா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பிளாகின் பேர் 'கேட்டுக்குள்ளே'. கம்பெனி வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதுவது. வெர்னியரில் அளவு பார்ப்பது எப்படி, முதல் நாள் என்ன செருப்பு போட்டுப் போகக் கூடாது, சூப்பர்வைசர் கத்தினால் எதைக் காதில் வாங்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், இப்படி.

பிளாக் வளர்ப்பது எப்படி என்று ஊரில் உள்ளவர்கள் சொன்ன யோசனை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். தலைப்பில் எண் வை என்றார்கள், வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு வர வேண்டும் என்றார்கள், முந்தின நாளே நேரம் குறித்து வைத்தேன். முடிவில் வாசகரிடம் ஒரு கேள்வி கேள் என்றார்கள். கேட்டேன். மூன்று வருஷத்தில் அதற்கு வந்த ஒரே பதில், முடி வளரும் எண்ணெய் விற்கும் ஆளிடமிருந்து. இந்த ஆடி முடிந்ததும் பிளாகை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான், ஆடி பிறந்த கையோடு, பேர் போடாத ஒரு கருத்து வந்தது. போன வருஷம் நான் எழுதிய ஒரு பதிவுக்குக் கீழே. "உங்க மெஷின் நிக்கும். எங்க பழைய மெஷின் கதவ தொறந்தா நிக்கலயாம். பாத்து எழுதவும்."

அந்தப் பதிவின் தலைப்பு, 'அச்சில் ஒட்டிய பீஸை எடுக்க ஐந்து வழிகள்'. எங்கள் மெஷின்களில் இரண்டு இரும்பு அச்சுகள் மூடிக்கொள்ளும், நடுவில் உருகிய பிளாஸ்டிக் பாயும், அச்சு திறந்ததும் பீஸ் கீழே விழும். சில சமயம் விழாமல் ஒட்டிக்கொள்ளும். கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது வழியில் நான் எழுதியிருந்தேன்: 'பாதுகாப்புக் கதவைத் திறந்தாலே மெஷின் தானாக நின்றுவிடும். பயப்படாமல் கை வைக்கலாம்.' எங்கள் கம்பெனியில் அப்படித்தான், எல்லாம் புது மெஷின். ஊரில் உள்ள மெஷின் எல்லாமே எங்கள் மெஷின் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கருத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. மெயின்டெனன்ஸ் ஆளிடம் கேட்டேன். பழைய மெஷின்களில் கதவு சுவிட்ச் கெட்டுப்போயிருக்கலாம், சில இடத்தில் வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றியே வைத்திருப்பார்கள் என்றார். பத்து நிமிஷத்தில் பதிவைத் திருத்தி, 'கதவை நம்பாதீர்கள், மோட்டாரை நிறுத்துங்கள்' என்று சிவப்பு எழுத்தில் போட்டேன். கடமை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. எங்களுக்கு அன்று வார விடுமுறை. தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கிவர பொன்னேரியில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இருபது இருபத்தொரு வயசுப் பெண் ஒருத்தி, மடியில் அட்டைப்பெட்டியைக் கிழித்த துண்டு ஒன்றை வைத்து மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கறை பிடித்த இன்னொரு அட்டை. அதைப் பார்த்துத்தான் எழுதினாள். பொழுது போகாமல் நானும் எட்டிப் பார்த்தேன்.

'பயப்படாமல் கை வைக்கலாம்.'

என் வரி. ஒரு எழுத்து மாறாமல் என் வரி. சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

அவள் பேர் ஏஞ்சல், மீஞ்சூர்க்காரி. பெயின்ட் டப்பா மூடி செய்யும் கம்பெனியில் அன்றைக்கு மதியம் இரண்டு மணி பி ஷிப்டில் முதல் நாள். வேறு கம்பெனியில் இருக்கும் சிநேகிதி அந்த அட்டையைக் கொடுத்தாளாம். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், உள்ளே இருக்கும் போர்டெல்லாம் இங்கிலீஷிலும் இந்தியிலும் இருக்கும். அதனால் ஒருத்தி பஸ்ஸில் வரும்போது பிளாகைச் சத்தமாகப் படிப்பாள், இன்னொருத்தி அட்டையில் எழுதுவாள், அதை மெஷினில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்து அடுத்த கம்பெனிக்காரி எழுதிக்கொண்டு போவாளாம்.

"எத்தனை கம்பெனியில இது இருக்குது?" என்று கேட்டேன்.

"தெரிலக்கா. நான் போற கம்பெனில பதினாலு மெஷின்லயும் தொங்குதாம். வெர்னியர் அட்டை தனியா கீது, செருப்பு அட்டை தனியா கீது."

மூன்று வருஷமாகப் பத்தொன்பது, பத்தொன்பது என்று புலம்பினேனே, அதில் ஒரு ஆள் என்பது ஒரு பஸ். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இவர்களுடைய போன் எல்லாம் வாட்ச்மேன் ரூமில் டப்பாவுக்குள் கிடக்கும். என் போனும் அந்த நேரத்தில் அப்படி ஒரு டப்பாவில்தான் கிடக்கிறது. இருந்தும் எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. என்னைவிட மக்கு இந்த சிப்காட்டில் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

ஆனால் ஆச்சரியப்பட நேரம் இல்லை. நான் திருத்தியது போனில். அட்டையில் பழைய வரிதான் இருக்கிறது, பதினாலு மெஷினில் தொங்குகிறது. அட்டையைப் படித்துவிட்டு யாராவது பயப்படாமல் கையை உள்ளே விட்டால்?

நான்தான் இதை எழுதினேன், இந்த வரி தப்பு, கதவை நம்பாதே என்று ஏஞ்சலிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அந்த வரியை அடித்தாள். பிளவுஸை மறந்துவிட்டு அவளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. பாஸ் இல்லை, அப்பாயின்ட்மென்ட் இல்லை, எந்த கம்பெனி நீங்க, எதுக்கு வந்தீங்க என்று கேள்வி மேல் கேள்வி. கை போகிற விஷயம் என்றேன். எச்.ஆருக்கு மெயில் போடுங்க என்றார். நான் போட்ட சண்டையில் எதிர் டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் விஷயத்தை எழுதி ஏஞ்சலிடம் கொடுத்து, உள்ளே போனதும் முதல் வேலையாக எல்லோருக்கும் காட்டு என்றேன். அவள் போனை டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மணிக்கு சங்கு ஊதியது. ஏ ஷிப்ட் பெண்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். நான் ஒருத்தி முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தேன். டிபன் பை பிடித்த கை, முந்தானை சரிசெய்த கை, பூ வைத்துக்கொண்ட கை. விரல்களை எண்ணினேன், உண்மையாகவே எண்ணினேன். ஒருத்தி கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அருவாமனையில் கத்தரிக்காய் நறுக்கும்போது பட்டது என்று கையை உதறிக்கொண்டு போனாள்.

கடைசியாக ஒரு பெண்மணி வந்தாள். நாற்பது வயசிருக்கும். கம்பெனிச் சட்டைமேல் துப்பட்டா, கக்கத்தில் ஒரு அட்டை. நேராக என்னிடம் வந்தாள்.

"கேட்டாண்ட இத எய்துன அக்கா சண்ட போட்டுக்கினு நிக்குதுன்னு புதுப்பொண்ணு சொல்லிச்சி. நீதானா?"

நான்தான் என்றேன். அவள் பேர் பூவம்மாள், மூணாம் நம்பர் மெஷின். அட்டையை என் கையில் கொடுத்தாள்.

என் ஐந்து வழிகளும் அதில் இருந்தன. மூன்றாவது வழி அழுத்தி அடிக்கப்பட்டிருந்தது, ஒரு முறை அல்ல, அட்டை கிழியும் அளவுக்கு. அதன் கீழே வேறு வேறு கையெழுத்தில், வேறு வேறு மையில் வரிகள். 'கதவ நம்பாத. சிவப்பு பட்டன அமுக்கு.' 'பட்டன அமுக்கிட்டு பத்து எண்ணு.' 'கை விடறதுக்கு முன்ன பக்கத்து மெஷின்காரிய கூப்புட்டு நிக்க வை.' 'வளையல கழட்டு.' நான் எழுதியதைவிட அவர்கள் எழுதியது அதிகம். நான் எழுதியதைவிட நன்றாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், இடம் இல்லாமல் ஓரத்தில் மடக்கி எழுதிய ஒரு வரி: 'இத எய்துன அம்மா யாருன்னு தெரிஞ்சா யார்னா போய் சொல்லுங்க.'

"அந்த கடசி வரி பங்குனி மாசம் நான் எய்துனது," என்றாள் பூவம்மாள். "கதவ தொறந்தேன். அட்டைல நிக்கும்னு போட்டுக்கீதே, நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல. கை உள்ள போறதுக்குள்ள அச்சு மூடிக்கிச்சி."

அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். ஐந்து விரலும் இருந்தன. நடுவீதி என்றும் பார்க்காமல் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கடைசி வரியையும் மற்றவர்கள் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எத்தனை அட்டை, எத்தனை பஸ் தாண்டி, போன் வைத்திருந்த யாரோ ஒருத்தி கையில் அது கிடைத்து, அவள் என் பிளாகைத் தேடிக் கண்டுபிடித்து, 'பாத்து எழுதவும்' என்று போட்டிருக்கிறாள். பங்குனியில் கிளம்பிய செய்தி ஆடியில் என்னிடம் வந்திருக்கிறது. இவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். என்னைத் திருத்தியதே இவர்கள்தான்.

மன்னிச்சிடுக்கா என்றேன்.

"மன்னிப்பு இன்னாத்துக்கு? யாராண்டனா சொல்லி அனுப்புனா போதும்னு நெனச்சேன். நீயே வந்துட்ட." அவள் பையிலிருந்து மடித்த புது அட்டை ஒன்றையும் மார்க்கரையும் எடுத்தாள். "இதுல எய்த எடம் இல்ல. உன் கையாலயே புதுசா எய்திக் குடு. எந்த மெஷினுக்குன்னு மொதல்ல போடு. அதத்தான் நீ உட்டுட்ட."

மூன்று வருஷமாக எத்தனையோ யோசனை படித்தேன். இதை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

டீக்கடை பெஞ்சில் அட்டையை விரித்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். 'இது பழைய மெஷினுக்கு. கதவைத் திறந்தால் நிற்காத மெஷினுக்கு' என்று எழுதினேன். எழுத எழுத, தோளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி சத்தமாகப் படித்தாள். இரண்டாவது வரியை ஆரம்பித்தபோது வேறொரு மார்க்கர் கீறும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில், அருவாமனைக்காரி துணி சுற்றிய விரலோடு ஒரு அட்டையை முழங்காலில் வைத்து, நான் எழுதுவதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் கையை நிறுத்தினேன். எழுதின வரியை முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.