ஏழுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூல்

ராஜ்கமலைச் சும்மா விடுவதில்லை என்று சொர்ணலட்சுமி முடிவு கட்டியது, அவன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான். அதற்குச் சற்று முன்னால் அதே போட்டோவைப் பார்த்து அவள் அழுதிருந்தாள். அந்த அழுகையும் சேர்ந்துதான் அவளை எரித்தது.

அவள் புருஷன் இளஞ்செழியன் திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதியவன். வீட்டில் விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவன் போன் சொன்னபடி கேட்கும். கையில் மட்டும் பேட்டரி இல்லாத வாட்ச். கை அசைய அசைய அதுவாகச் சாவி ஏறிக்கொள்ளும். உதிரி பாகங்களை வரவழைத்து அவனே கோத்தது.

"அதான் போன்லயே மணி தெரியுதே, இதெதுக்கு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"நான் எழுதுறது எந்த ஊர்ல எந்த மெஷின்ல ஓடுதுன்னு எனக்கே தெரியாது சொர்ணம். எவனாச்சும் ஒரு அப்டேட் அனுப்பினா அம்புட்டும் மாறிப்போகும். இதத் திறந்து பாரு. ஒரு பல்லு அடுத்த பல்லத் தள்ளுது, அம்புட்டுத்தான். ஒளிச்சு வைக்க இதுல இடமே இல்ல."

திருகாணிகள் உருண்டு ஓடாமலிருக்க, சின்னாளபட்டியில் அவள் அப்பா வீட்டில் நெய்து சாயம் போட்ட சிவப்புச் சுங்குடிச் சேலையை விரித்து வைத்துத்தான் அதைக் கோத்தான். மூடிய பிறகு பார்த்தால் கண்ணாடிக்குள், ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில், மயிரிழையாய் ஒரு சிவப்பு நூல். திறந்து எடுக்கச் சொன்னாள். "ஒங்க வீட்டு முத்திரை, கெடக்கட்டும்" என்று சிரித்தான்.

போன தை மாதம் ஒரு காலை, ஷட்டில் விளையாடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் பிழைக்கவில்லை. காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் ராஜ்கமல். கூடப் படித்தவன், அதே வாட்ச் பைத்தியம். பர்ஸையும் போனையும் வண்டிச் சாவியையும் அவள் கையில் கொடுத்தவனும் அவனே.

"வாட்ச் எங்க தம்பி?"

"கட்டிட்டு வரலையே அண்ணி. வீட்லதான் இருக்கும், பாருங்க."

பார்த்தாள். அரிசி டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தாள். பாத்ரூம் சல்லடையைக் கழற்றிப் பார்த்தாள். புருஷன் அதைக் கட்டிக்கொண்டு படியிறங்கியதைக் கண்ணால் கண்டவள், தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு மாதக்கணக்காகத் தேடினாள்.

இந்த வாட்ச் பிரியர்களுக்கு 'கீ கொடுத்த கூட்டம்' என்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. காலையில் எழுந்ததும் கையில் கட்டியிருப்பதைப் படமெடுத்துப் போடாவிட்டால் அவர்களுக்குக் காப்பி இறங்காது. இறந்தவனின் நம்பரை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த போன் அவளிடம் இருந்தது. ராஜ்கமல் அதை மறந்துபோனான்.

"மச்சான் ஞாபகமா அதே மாதிரி நானும் ஒண்ணு கோத்துட்டேன்" என்று எழுதிப் படத்தைப் போட்டிருந்தான். அயாஸ், "கண்ணு கலங்குது பங்காளி" என்று எழுதினான். மற்றவர்கள் இதயங்களாகக் கொட்டினார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படத்தை விரலால் விரித்தாள். ஏழுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு நூல் கிடந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு போன் போட்டு, "அவர் டூல்ஸெல்லாம் சும்மா கெடக்கு தம்பி, வந்து எடுத்துக்கங்க" என்றாள். அவன் அன்று சாயங்காலமே வந்து நின்றான். கையில் அதே வாட்ச்.

காப்பி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, இளஞ்செழியன் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸை நீட்டினாள்.

"ஏழுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"தூசி அண்ணி. கோக்கும்போது விழுந்திருக்கும்."

"என்ன கலர் தூசி?"

அவன் லென்ஸைக் கண்ணில் வைத்தான். வைத்த கண்ணை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தான். அவள் உள்ளே போய் அந்தச் சுங்குடியைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"வெளையாடப் போறப்ப கழட்டி என் கையில கட்டிவிட்டான் அண்ணி. அடிபடக் கூடாதுன்னு எப்பவும் அப்படித்தான். அவன் போனப்பறமும் இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. குடுக்கணும்னுதான் நெனச்சேன்... மனசு வரல." பட்டையை அவிழ்க்கப் போனான்.

"கழட்டாதீங்க."

"அண்ணி?"

"கழட்டினா ரெண்டு நாள்ல நின்னுரும். ஒங்க கையிலயே ஓடட்டும். தெனமும் காலையில குரூப்புல போட்டோ வரணும். ஒருநாள் வரலேன்னாலும், அந்த நூலச் சுத்தி வட்டம் போட்டு அவர் நம்பர்லருந்தே நான் போட்டுருவேன். அயாஸ் பாக்கட்டும். ஒங்க வீட்ல பாக்கட்டும்."

"இதுக்கு ரெண்டு அறை அறைஞ்சிருங்க அண்ணி."

"அறைஞ்சா இன்னிக்கோட முடிஞ்சிரும்ல?"

மறுநாளிலிருந்து படம் வந்தது. காரின் ஸ்டியரிங்மேல் அந்தக் கை. ஆபீஸ் மேசைமேல் அந்தக் கை. பழனி அடிவாரத்தில் மொட்டை போட்ட மகனைப் பிடித்திருக்கும் அந்தக் கை. ஒவ்வொன்றுக்கும் அடியில் இளஞ்செழியன் நம்பரிலிருந்து ஒரு கட்டைவிரல் உயரும். குரூப்பில் எல்லாரும் அதைக் கண்டு நெகிழ்ந்தார்கள். "தங்கச்சிக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று அந்தோணிராஜ் எழுதினார்.

ஆடி பிறந்தபோது அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "தூங்க முடியல அண்ணி. டிக்டிக்னு காதுலயே கேக்குது. கால்ல விழுறேன். வாங்கிக்கங்க, போதும்."

சொர்ணலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். அரிசி டிரம்மைக் கவிழ்த்துத் தேடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அடுப்பில் குழம்பு கொதித்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து, நிதானமாகப் பதில் அடித்தாள்.

"இன்னிக்குப் படம் மங்கலா இருக்கு தம்பி. நாளைக்கு வெளிச்சத்துல நின்னு எடுங்க."