கவிழப் பழகுதல்

தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இனிமேல் கண்டுபிடிக்கப்பட்டால்தான் உண்டு. செம்பட்டி ரோட்டில் ஆண்டிச்சாமி பெரியப்பாவின் தோட்டக் கிணற்றில், மோட்டார் ரூம் மேலேறித் தலைகீழாகக் குதித்து, அடிமண்ணை அள்ளிவந்து காட்டியவன் நான். அந்தக் கிணற்றில் நீச்சல் பழகியவனுக்குக் கடல் என்பது கொஞ்சம் அகலமான கிணறு. படகு என்பது நீச்சல் தெரியாதவர்களுக்கு அளிக்கப்படும் சலுகை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சமீபகாலம்வரை இதுதான் என் கொள்கை.

அந்தச் சலுகை ஒருநாள் எங்கள் கல்லூரிக்கு லாரியில் வந்து இறங்கியது. மழை பெய்த ஈரம் மறுவாரம் நினைவில்கூட இல்லாத திண்டுக்கல் சமவெளிக்கு, மலையாற்றுப் பாறைகளுக்கு நடுவே ஓட்டுகிற படகை யார் ஒதுக்கினார்கள் என்று தெரியவில்லை. உடற்கல்வி இயக்குநர் கிறிஸ்துராஜ் சார் மட்டும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். திருப்பி அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை.

மேலே முழுக்க மூடிய படகு அது. ஆள் இறங்க முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை. உள்ளே காலை நீட்டி உட்காரக் கூடாது, முட்டி போட வேண்டும். தொடைகளுக்கு மேல் அகலமான பட்டைகள் வந்து பிடித்துக்கொள்ளும். இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடையை மாட்டி, அதன் ஓரத்தை ஓட்டையின் விளிம்பில் இழுத்துப் பொருத்திவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற தண்டனையை, பாவாடை கட்டிக்கொண்டு, தண்ணீருக்கு நடுவில் அனுபவிப்பதற்குப் பெயர் வீரவிளையாட்டு.

இதற்குள் நான் மாட்டியதற்குக் காரணம் என் அக்கா தமிழ்மதி. அதே கல்லூரியில் கடைசி வருஷம். பல்கலைக்கழக அணிக்கான தேர்வுப் போட்டிக்கு ஆணும் பெண்ணுமாக ஜோடிகள் தேவைப்பட்டன. மாநிலத்திலேயே இந்தப் படகில் ஏறியவர்கள் குறைவு. அதனால் போய்க் கலந்துகொண்டாலே சான்றிதழ் நிச்சயம் என்றார் சார். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் படிப்புக்கு இடம். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இல்லையென்றால் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலைக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார். மில் பஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்பது அவர் தரப்பு வாதம். அதற்கு மேல் வாதம் வைக்க அவருக்குத் தேவை இருந்ததில்லை.

அம்மாதான் இறங்கி வந்தாள். "தம்பி கூட வந்தா போ. இல்லாட்டி ஊரு என்ன பேசும்? வேணாம்."

இப்படியாக ஜோடியில் மறுபாதி ஆனேன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பெருந்தன்மையாக இருந்தேன்.

பயிற்சிக்கு ஆறு இல்லாததால் பெரியப்பா கிணற்றைக் கேட்டு வாங்கினார் சார். நல்ல அகலமான கிணறு, மழைக்குப் பிறகு மேல்படிவரை தண்ணீர். கயிறு கட்டிப் படகை இறக்கும்போது பெரியப்பா கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். "ஏப்பா, பைப்புல இடிச்சிராதீங்க. இப்பத்தான் மாத்துனேன்."

நேராக ஓட்ட இடமில்லை. திரும்பினால் சுவர் இடித்தது. ஆகவே முதலில் கவிழக் கற்றுத்தருவது என்று சார் முடிவு செய்தார்.

"கவுந்ததும் குனிஞ்சு நெத்தியப் படகோட ஒட்டு. முன்னாடி தொங்குற வாரை இழு, பாவாடை கழண்டுரும். அப்புறம் ரெண்டு கையாலயும் விளிம்பத் தள்ளி, முட்டிய ஒண்ணாச் சேத்துப் பின்னால வழுக்கி வா. காலை மட்டும் உதைச்சிராத. உதைச்சா தொடை போய்ப் பட்டையில இறுகிரும். வெளங்குதா?"

அக்கா தலையாட்டினாள். நான் கொட்டாவி விட்டேன்.

அவளுக்கு நீச்சல் அரைகுறை. எங்கள் ஊரில் கிணறு பையன்களுடையது. பெண்பிள்ளைகள் துணி துவைக்கலாம். அதனால் அவள் எல்லாவற்றையும் வீட்டில் பழகினாள். கூடத்தில் போர்வையைச் சுருட்டி அதன்மேல் பாதி உட்கார்ந்து முட்டி போடுவாள். கணுக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. தொடையையும் கெண்டைக்காலையும் சேர்த்து அப்பாவின் துண்டுகளால் கட்டிக்கொள்வாள். அப்படியே சீரியல் பார்ப்பாள், அப்படியே சோறு சாப்பிடுவாள். நடுவில் கண்ணை மூடி, குனிந்து, இல்லாத வாரை இழுத்து, இல்லாத விளிம்பைத் தள்ளி, பின்னால் வழுக்கி விழுவாள். எழுந்து நடக்கும்போது கால் மரத்து, பிறந்த கன்றுக்குட்டி மாதிரி தள்ளாடுவாள்.

"எந்தச் சாமிக்கு வேண்டுதல்?" என்றேன்.

"போடா."

"அடுத்து தரையில நீச்சலா? வாளியில தண்ணி கொண்டாரவா?"

"கால் வலிச்சா நெனப்பு பூராம் கால்லயே இருக்கும்டா. அத மறக்குற வரைக்கும் இருந்து பழகணும். அப்பத்தான் தண்ணிக்குள்ள நெதானம் வரும்."

அவள் வழுக்கி விழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். 'வீட்டுப்பாடம் எழுதாத வீராங்கனை' என்று தலைப்பு. கல்லூரியே பார்த்தது. என் நண்பன் சடையாண்டி ஏழு சிரிப்பு போட்டான். அக்காவும் பார்த்தாள். மறுநாளும் முட்டி போட்டாள்.

கவிழ்கிற நாள் வந்தது. முன்னால் அக்கா, பின்னால் நான். தலையில் ஹெல்மெட், மேலே மிதவைச் சட்டை. சார் படிக்கட்டில் நின்று படகின் ஓரத்தைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். உலகம் தலைகீழானது.

கண்ணைத் திறந்தேன். பச்சை. மூக்கில் தண்ணீர் ஏறியது. குனியவேண்டும் என்பது ஞாபகம் இருந்தது, ஆனால் என் கால்களுக்கு அது தெரியாது. எத்தனையோ வருஷமாக அந்தக் கிணற்றில் அவை படித்த பாடம் ஒன்றுதான். மூழ்கினால் உதை, மேலே வந்துவிடலாம். உதைத்தன. பட்டை தொடையைக் கவ்வியது. இன்னும் பலமாக உதைத்தேன். இன்னும் பலமாகக் கவ்வியது. படகு ஒருமுறை குலுங்கியது. அக்கா வெளியே போய்விட்டாள் என்று புரிந்தது. வார் எங்கே என்று கை தேடியது, பிறகு எதைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோனது. கத்தினேன் என்று நினைக்கிறேன். வாய் நிறையக் கிணறு வந்தது.

சார் குதித்துப் படகைப் புரட்டியிருக்கிறார். என் முகம் வெளியே வந்தபோது பெரியப்பா சட்டையைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் இருமினேன்.

"பாவாடை அளவு சரியில்ல சார்," என்றேன்.

சார் என் தொடைகளைப் பார்த்தார். இரண்டிலும் பட்டையின் அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. "உதைச்சியா?"

"இல்ல சார்."

அக்கா என்னைப் பார்த்துவிட்டு, துடுப்பை எடுக்க மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள்.

அதன்பிறகு எனக்குச் சளி பிடித்தது. சளி விட்டதும் முட்டி வீங்கியது. முட்டி வற்றியதும் நத்தத்தில் சடையாண்டியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அவசரமாகக் கல்யாணம் நடந்தது. இடையில் ஒருநாள் துணிந்து படகில் இறங்கினேன். பாவாடையை விளிம்பில் மாட்டக் கை வரவில்லை. ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லி எழுந்தேன்.

"மேல நின்னு குதிக்கிறப்ப எம்புட்டு பவுசு," என்றார் பெரியப்பா. "இப்ப என்னலே, கெணறு மாறிப்போச்சா?"

கிணறு மாறவில்லை. அதுதான் தொந்தரவு. வீட்டில் குளிக்கும்போதுகூடத் தலையில் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் தொடையில் ஏதோ இறுகியது. சோப்பு நுரை எரிய எரிய, கண்ணைத் திறந்துகொண்டே குளித்தேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டதற்குப் படிப்பு என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி முடிந்ததும் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம காலைல கெணத்துக்கு வாங்க. ரெண்டு பேரும் கவுந்து, நெதானமா வெளிய வரணும். வரலன்னா பேர் குடுக்க மாட்டேன். ஆத்துல பாறை இருக்கு ராஜ்கமல். அங்க நான் குதிச்சுத் தூக்க முடியாது."

"என் எடத்துல சடையாண்டியப் போடலாமே சார்," என்றேன்.

சார் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். சடையாண்டியோடு அவளைப் படகில் அனுப்ப அம்மா சம்மதிக்கும் நாள் வருமென்றால், அதற்குமுன் திண்டுக்கல்லுக்குக் கடல் வந்துவிடும்.

வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனோம். அவள் ஓட்டினாள். வேடசந்தூர் ரோட்டிலிருந்து திரும்பிய மில் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலோரப் பெண்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இருக்கா?" என்றாள் திரும்பாமல்.

"யாருக்கு?"

"பின்னாடி வேற யாரு உக்காந்திருக்கா?"

நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேலி பண்ணாமச் சொல்லுடா."

"அதெல்லாம் இல்ல."

வண்டியை ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள், கறிவேப்பிலை வாங்கவேண்டும் என்று சொல்வதுபோல. "நாளைக்கி அப்பா பூ மார்க்கெட்லருந்து வந்ததும் மில்லுக்கே போறேன்னு சொல்லிர்றேன். எனக்கு முட்டி ஒத்துவரலன்னு சொல்லிக்கிறேன். உன் பேரு வராது."

வீட்டு வாசலில் இறங்கி அவள் படியேறியபோது முட்டி நன்றாகத்தான் மடங்கியது.

மறுநாள் மத்தியானம் அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தாள். அக்கா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். போர்வையைச் சுருட்டினேன். முட்டி போட்டதுமே கணுக்கால் அலறியது. கொடியிலிருந்து துண்டு எடுத்து மடித்து அடியில் வைத்தேன். இன்னும் இரண்டு துண்டுகளால் தொடைகளைக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன்.

பச்சை வந்தது. திறந்துவிட்டேன். மறுபடி மூடினேன்.

குனிந்து, வாரை இழுத்து, விளிம்பைத் தள்ளியபோது கால் தானாக உதைத்தது. துண்டு இறுகியது. காய்ந்த தரையில், மின்விசிறிக்குக் கீழே, எனக்கு மூச்சு முட்டியது. வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தேன்.

கதவு திறந்தது. அம்மா, கையில் காய்ப்பை. "என்னடா, என்ன தப்புப் பண்ணுன?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கப் போனாள். பின்னாலேயே அக்கா வந்தாள், கையெல்லாம் ஈரம். போனை எடுத்து வீடியோ பிடிக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் எனக்குப் பின்னால் குந்தி, துண்டுகளை அவிழ்த்து இறுக்கமாகக் கட்டினாள்.

வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது.

"சொல்லிட்டியா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

"சொல்லாத."

ஒரு கையை என் கணுக்கால்மேல் வைத்துக்கொண்டாள். நான் குனிந்து நெற்றியை ஒட்டினேன். வாரை இழுத்தேன்.

"உதைக்கிற," என்றாள்.

நிமிர்ந்து, முட்டிகளை மறுபடி பழைய இடத்தில் வைத்தேன்.